கேஸ் ஷீட் யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. 34 வருடம் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

நம் வீடுகளில் பீரோவுக்கு மேலே ஒரு கட்டைப்பை இருக்கும். ஜவுளிக்கடை பெயர் போட்ட பை. அதற்குள் அப்பாவின் எக்ஸ்ரே, அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட், யாருக்கோ எப்போதோ எடுத்த ஸ்கேன், எழுத்து மங்கிப்போன ஈ.சி.ஜி. தாள் எல்லாம் கிடக்கும். புது டாக்டரிடம் போகும்போது அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவோம். டாக்டர் பத்துக் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "புதுசா ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துருவோம்" என்பார். அது வேறு கதை.

காசு கொடுத்துப் பரிசோதனை செய்தோம், காகிதம் நம் கையில் வந்தது. இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் 2014 வரைக்கும் பல மாநிலங்களில், ரத்தம் கொடுத்தவர் ஆய்வகத்துக்கே நேரில் போய்க் கேட்டாலும் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்த டாக்டருக்குத்தான் போகும். அவர் எப்போது கூப்பிட்டு என்ன சொல்கிறாரோ அதுதான் நோயாளிக்குத் தெரிந்தது. இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது.

நோயாளியிடம் சொல்லாதே என்பது மருத்துவத்தில் மிகப் பழைய உபதேசம். கிரேக்கத்து ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல் தொகுப்பிலேயே, நோயாளிக்கு வரப்போவதையும் இப்போதிருக்கும் நிலைமையையும் பெரும்பாலும் மறைத்துவிடு என்ற அறிவுரை இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. பயந்தே செத்துவிடுவான் என்ற கவலைதான். அந்தக் கவலை இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நீடித்தது. 1961-இல் டொனால்ட் ஓக்கன் என்பவர் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் டாக்டர்களிடம், உங்கள் நோயாளிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் அவரிடம் சொல்வீர்களா என்று கேட்டார். ஏறக்குறைய 90 சதவீதம் பேர், சொல்லாமல் இருப்பதே நல்லது என்றார்கள். 1979-இல் இதே போன்ற கேள்வியை வேறொரு குழு கேட்டபோது, 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டே வருடத்தில் தலைகீழ். பாடப்புத்தகத்தில் புரட்சி என்றால் பிரெஞ்சு, ரஷ்யா என்று நடத்துகிறோம். இது மாதிரி சத்தமில்லாமல் நடப்பதற்கு ஒரு பாடமும் கிடையாது.

வாயால் சொல்வது ஒன்று, காகிதத்தைக் கையில் கொடுப்பது வேறு. காகிதத்தின் கதை இன்னும் சுவாரசியம்.

நூறு, நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் 'ஒரு நோயாளியின் ஃபைல்' என்ற ஒன்றே சரியாகக் கிடையாது. டாக்டர்கள் நம்மூர் மளிகைக்கடைப் பேரேடு மாதிரி தடித்த நோட்டு வைத்திருப்பார்கள். இன்றைக்கு வந்தவர்களைப் பற்றி வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். ஒரே ஆள் மூன்று டாக்டரைப் பார்த்தால் மூன்று நோட்டில் இருப்பார். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் என்ற டாக்டர் 1907-இல் இதை மாற்றினார். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரே உறை. யார் பார்த்தாலும், என்ன சோதித்தாலும் எல்லாக் காகிதமும் அந்த உறைக்குள். இன்றைக்கு நாம் பார்க்கும் கேஸ் ஷீட்டுக்கு முன்னோர் அதுதான். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒருவரைப் பற்றிய அத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்த பிறகு, அந்த இடத்துக்குச் சாவி வைத்திருப்பவர் பெரிய ஆள் ஆகிவிடுகிறார்.

எக்ஸ்ரேயில்தான் முதல் சண்டைகள் வந்திருக்கின்றன. ரோன்ட்கன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8. கொஞ்ச காலத்திலேயே ஊர் ஊராகப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தால் படம் நமக்கு வருகிறதே, எலும்பைப் படம் எடுத்தால் மட்டும் ஏன் வராது? ஜனங்களுக்கு நியாயமாகவே இந்தச் சந்தேகம் வந்தது. 1935-இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு இது வந்தது. தொழிலாளி ஒருவருக்குச் சிகிச்சை செய்த டாக்டருக்கு, எக்ஸ்ரே நெகட்டிவைக் கொடுத்தால்தான் பில்லைத் தீர்ப்போம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. டாக்டர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நெகட்டிவ் டாக்டருடையதே, சாதாரண ஆளுக்கு அதைப் பார்த்தால் ஒன்றும் புரியப்போவதில்லை, டாக்டருக்கோ அது அவருடைய மருத்துவப் பதிவின் பகுதி என்று தீர்ப்பு. நுண்ணோக்கியில் பார்க்கச் சதையை வெட்டி ஒட்டி வைக்கும் கண்ணாடிச் சில்லை யாராவது நோயாளியின் சொத்து என்பார்களா என்றும் நீதிமன்றம் கேட்டது. இந்தச் சில்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

நாடு நாடாக நடந்ததையெல்லாம் எழுதினால் இந்தப் பதிவு முடியாது. எனக்கு மிகப் பிடித்த வழக்கு கனடாவில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் நடந்தது. ஒரு பெண்மணி. வருடக்கணக்கில் வெவ்வேறு டாக்டர்களிடம் காட்டி, தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். டாக்டர் மெக்கினர்னி என்ற புதுப் பெண் டாக்டரிடம் போகிறார். அவர், இந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்கிறார். நிறுத்தியாயிற்று. இப்போது நமக்கு வரும் கேள்விதான் அந்தம்மாவுக்கும் வருகிறது. அப்படியானால் இத்தனை வருடம் எதற்காகச் சாப்பிட்டேன்? என் முழு ஃபைலின் நகலும் வேண்டும் என்று எழுதிக் கேட்கிறார்.

டாக்டர் மோசமானவர் இல்லை. தான் எழுதியதெல்லாவற்றின் நகலையும் கொடுத்துவிட்டார். மற்ற டாக்டர்கள் அனுப்பி வைத்த ரிப்போர்ட்டுகளை மட்டும் கொடுக்கவில்லை. அவை அவர்களுடைய சொத்து, அவர்களையே கேளுங்கள் என்றார். அந்தம்மா விடவில்லை. வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் 1992 ஜூனில் தீர்ப்பு வந்தது. நீதிபதி லா ஃபாரஸ்ட் எழுதியதை என் வார்த்தையில் சொல்கிறேன்: காகிதமும் அட்டையும் டாக்டருடையவை, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அதில் எழுதியிருக்கும் செய்தி, நோயாளி தன்னைப் பற்றி டாக்டரை நம்பிக் கொடுத்ததிலிருந்து வந்தது. நம்பி ஒப்படைத்ததில் அவருக்கு உரிமை போய்விடாது. ஆகவே சிகிச்சைக்காக டாக்டர் பார்த்த எல்லாவற்றையும், மற்றவர்கள் எழுதி அனுப்பியது உட்பட, நோயாளி பார்க்கலாம், நகலும் எடுத்துக்கொள்ளலாம். நோயாளிக்கே தீங்கு வரும் என்றால் மறுக்கலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது டாக்டர்.

இதே கேள்வி நான்கு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் வந்தபோது விடை நேரெதிர். சிலிக்கான் மார்பகம் வைத்துக்கொண்டு அவதிப்பட்ட ஒரு பெண், அமெரிக்காவில் தயாரிப்பாளர் மேல் நடந்த வழக்கில் சேர்வதற்காகத் தன் பழைய பதிவுகளைக் கேட்டார். டாக்டரோ, என் மேல் வழக்குப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்றார். 1996-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நோயாளிக்கு அப்படி ஓர் உரிமை நம் சட்டத்தில் இல்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. கனடாத் தீர்ப்பைக் காட்டியும் பலிக்கவில்லை. பிறகு நாடாளுமன்றம் தனியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 2001 டிசம்பரிலிருந்துதான் தனியார் மருத்துவமனைகளிலும் அந்த உரிமை வந்தது. இங்கிலாந்தில் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்காமல் 1990-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் 1991 நவம்பர் 1-க்குப் பிறகு எழுதிய காகிதங்களுக்குத்தான் அது செல்லும். அதற்கு முன்னால் டாக்டர்கள் என்னென்ன எழுதி வைத்திருந்தார்களோ!

அமெரிக்காவுக்கு வருவோம். 1996-இல் போட்ட சட்டம், 2003-இல் நடைமுறைக்கு வந்த விதி எல்லாம் நோயாளிக்குப் பதிவு தர வேண்டும் என்றன. ஆனால் ஆய்வகங்களுக்கு விதிவிலக்கு இருந்தது. அந்த ஓட்டையை அடைத்தது 2014 பிப்ரவரியில் வந்த விதி. நோயாளி கேட்டால் 30 நாளுக்குள் ஆய்வகமே நேரடியாக ரிப்போர்ட் தர வேண்டும். அதற்கு முன் 2011-இல் மேரிலாந்தில் சிக்னெட் ஹெல்த் என்ற நிறுவனம் 41 நோயாளிகளுக்குப் பதிவு தர மறுத்ததற்கும், விசாரணைக்கு ஒத்துழைக்காததற்கும் அரசாங்கம் போட்ட அபராதம் 43 லட்சம் டாலர். அதில் 30 லட்சம் ஒத்துழைக்காததற்கு மட்டும். மறுத்ததைவிட மெத்தனத்துக்கு அதிகம் தண்டம். எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது.

பயந்து சாவான் என்ற பழைய கவலை என்ன ஆயிற்று? 2010-இல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் மூன்று இடங்களில் 105 டாக்டர்கள் தாங்கள் எழுதும் குறிப்புகளையே நோயாளிகளுக்குத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது நோயாளிகளில் 99 சதவீதம் பேர் தொடரட்டும் என்றார்கள். ஒரு டாக்டர்கூட நிறுத்தவில்லை. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். இப்போது அங்கே பயாப்ஸி முடிவு டாக்டர் பார்க்கும் முன்பே நோயாளியின் போனுக்கு வந்துவிடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து 'கார்சினோமா' என்ற வார்த்தையைப் படிப்பது கொடுமை. நம்மூரிலும் ஆய்வகங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன, சிவப்பில் ஒரு எண் இருந்தால் வீடே பதறுகிறது. என் அக்கா மகன் டாக்டர், "மாமா, பாதி ராத்திரி எனக்குப் போன் வருது" என்று புலம்புகிறான். நியாயமான புலம்பல்தான். அதற்காகக் காகிதத்தைப் பூட்டி வைக்க முடியாது.

பணக்கார நாடுகள் இப்படிக் கோர்ட் ஏறி இறங்கியபோது, ஏழை நாடுகளில் காகிதம் சத்தமில்லாமல் நோயாளி கைக்குப் போயிருந்தது. நைஜீரியாவில் இமெசி-இலே என்ற கிராமத்தில் வேலை பார்த்த டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், 1950-களின் பிற்பகுதியிலிருந்து குழந்தையின் எடையைக் கோடாக வரையும் அட்டையை உருவாக்கினார். அதை மருத்துவமனை அலமாரியில் வைக்கவில்லை. அம்மாவிடமே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தொலைத்துவிடுவார்கள் என்றார்கள். தாய்மார்கள் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். அந்த அட்டை பிறகு உலகமெங்கும் போயிற்று. ஜப்பானில் தாய்-சேய் கையேடு 1948-லிருந்து ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் உண்டு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் முந்தானையில் சுற்றிக்கொண்டு வரும் அட்டையும் அந்தக் குடும்பம்தான். எடை, ரத்த அளவு, ஸ்கேன், ஊசி எல்லாம் அதில் இருக்கும். நள்ளிரவில் வலி வந்து வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அந்த அட்டையைப் பார்த்தே டாக்டர் வேலையை ஆரம்பிக்கலாம். நம் பீரோ மேல் இருக்கும் கட்டைப்பையையும் கேவலமாக நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் நம் நாட்டில் ஒரு வினோதம். வெளிநோயாளியாகப் போனால் காகிதமெல்லாம் நம் பையில். உள்ளே படுக்கையில் சேர்ந்துவிட்டால் கேஸ் ஷீட் அவர்கள் கையில். வீட்டுக்குப் போகும்போது இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி வரும். பத்து நாள் ஐ.சி.யு.வில் என்னென்ன மருந்து போனது, எந்த மணிக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு, ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்பது உள்ளேயே நின்றுவிடும். உயிர் போகும் விஷயங்கள் நடப்பதோ உள்ளேதான்.

இங்கும் கதவு மெல்லத்தான் திறந்தது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வழி வந்தது, கையில் காகிதம் இல்லாமல் என்னத்தைக் காட்டுவது? அடுத்த வருடமே பம்பாய் உயர் நீதிமன்றம் ரகுநாத் ரஹேஜா வழக்கில் அதற்கும் பதில் சொன்னது. நோயாளியோ நெருங்கிய உறவினரோ கேட்டால் கேஸ் பேப்பர் நகல் கொடுத்தே ஆக வேண்டும். நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். ரகசியம் என்று சொல்லி மறுக்க முடியாது. நோயாளியின் ரகசியத்தை நோயாளியிடமிருந்தே காப்பாற்றுவது என்ன நியாயம்?

பிறகு 2002-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகள் வந்தன. உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது தொழில் ஒழுங்கீனம். 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், படுக்கையில் இருக்கும்போதே கேட்டால் 24 மணி நேரம், வீட்டுக்குப் போன பின் 72 மணி நேரம் என்று பிரித்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளைக் கொண்டுவந்து 72 மணி நேரத்தை 5 வேலை நாள் ஆக்கியது. அதே மாதத்திலேயே அந்த விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டு, பழைய 2002 விதிகளே திரும்ப வந்துவிட்டன. எதற்குச் சொல்கிறேன் என்றால், கவுன்டரில் யாராவது "புது ரூல் வந்திருச்சு சார்" என்றால் தெரிந்து வைத்திருங்கள்.

இந்த விஷயத்தில் நான் இறங்கியதற்குக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். அவன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. பெரிய தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். பன்னிரண்டு நாள் படுக்கை. வேறொரு புற்றுநோய் மருத்துவமனையில் காட்டலாம் என்று முடிவு செய்து கேஸ் ஷீட் நகல் கேட்டிருக்கிறான். "அதெல்லாம் கொடுக்க மாட்டோம், சம்மரி போதும்." மறுநாள், "டாக்டர் ஊர்ல இல்ல." அதற்கடுத்து, "என்ன, கேஸ் போடப் போறீங்களா?" அவன் எனக்குப் போன் பண்ணி, "சார், அம்மா காதுல விழுற மாதிரி அப்படிக் கேக்குறாங்க சார்" என்றான். நாற்பது வயசுப் பையனின் குரல் உடைந்துவிட்டது. "தம்பி, வாயால கேக்காத, எழுதிக் குடு" என்றேன். இருவரும் போனில் உட்கார்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். சண்டை வார்த்தை ஒன்றுகூட இல்லை. நோயாளி பெயர், ஐ.பி. எண், சேர்ந்த தேதி, என்னென்ன நகல் வேண்டும், 2002 விதிகளில் 1.3.2-ஆம் பிரிவு, நகல் கட்டணம் கட்டத் தயார். அடியில் அம்மாவின் கையெழுத்து. மருத்துவப் பதிவுகள் பிரிவில் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டான். இரண்டாம் நாள் மாலை 140 பக்கம் வந்தது.

புதிய மருத்துவமனையில் அவர்கள் முதலில் கேட்டது அந்த 140 பக்கத்தை இல்லை. "பிளாக்கும் ஸ்லைடும் இருக்கா?" என்றுதான். பயாப்ஸிக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைப்பது பிளாக், அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது ஸ்லைடு. மிச்சிகன் நீதிபதிகள் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்த அதே சில்லு! இன்னொரு நிபுணர் ரிப்போர்ட்டை மட்டும் படித்துச் சிகிச்சையைத் தீர்மானிக்க மாட்டார், சில்லைத் தானே பார்ப்பார். அவன் திரும்ப ஒரு கடிதம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தான். அம்மாவுக்கு இப்போது அங்கே சிகிச்சை நடக்கிறது. மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது.

அவனுக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாவது, சில வருடத்தில் வெறும் வெள்ளையாகிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். காப்பீட்டுக்கு ஒரிஜினல் போகும் முன் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். ஸ்கேன் என்றால் ரிப்போர்ட்டோடு சி.டி.யையும் கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கூடுதலாகக் கையில் இருக்கிறது. சாதாரணமாக 30 நாள், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். மேலே சொன்ன 2002 விதி டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும், மருத்துவமனை நிர்வாகத்தை நேரடியாக இல்லை. அதனால் கடிதத்தை நிர்வாகத்துக்கும் சிகிச்சை செய்த டாக்டருக்கும் சேர்த்தே எழுதுங்கள். மறுத்தால் டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனை மேல் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். 3 வருடக் கணக்கையும் மறக்காதீர்கள். நாலாவது வருடம் போனால் "அழிச்சிட்டோம்" என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறது.

அந்தக் கடிதத்தை மாதிரியாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கம்தான், பெயரும் எண்ணும் மாற்றினால் போதும். வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் பார்ப்பேன், கண் ஆபரேஷன் ஆகி இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.